அம்மாவுக்கு டாக்டர் டான்ஸ் தெரபி எழுதித் தந்திருக்கிறார். போனால் உள்ளே என்ன நடக்கும்?

செம்பூர்வாசி | ஜூன் 3, இரவு 10:42

மும்பையில் இருக்கும் தமிழ் உறவுகளுக்கு வணக்கம். யாராவது டான்ஸ் தெரபிக்குப் போயிருக்கிறீர்களா, இல்லை வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு போயிருக்கிறீர்களா?

என் அம்மாவுக்கு 61 வயது. சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். கல்யாணமாகி செம்பூர் வந்து 37 வருடம் ஆகிறது. போன செப்டம்பரில் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். காலை 7 மணிக்கு ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது, மதியம் 2 மணிக்குள் மின்மயானத்தில் எல்லாம் முடிந்தது. ஊரிலிருந்து கிளம்பியவர்கள் வந்து சேர்ந்தபோது வீடு கழுவியாகிவிட்டது. அம்மா அன்றைக்கு அழவில்லை. அதற்குப் பிறகும் அழவில்லை.

மூன்றாம் மாதத்திலிருந்து வலது தோளில் வலி. கையை மேலே தூக்க முடியவில்லை. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே, எம்ஆர்ஐ எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பெரிதாக ஒன்றும் இல்லை என்றார். பிசியோதெரபிக்கு ஒரு மாதம் போனோம். தூக்கமும் இல்லை, சாப்பாடும் பாதியாகிவிட்டது. அப்புறம்தான் மனநல டாக்டரிடம் போனோம். மாத்திரையில் தூக்கம் கொஞ்சம் வந்தது. கவுன்சிலிங்கும் எழுதினார், அங்கேதான் சிக்கல். கவுன்சிலர் நல்ல பெண், ஆனால் இந்தியும் ஆங்கிலமும்தான். அம்மாவுக்குத் தெரிந்தது காய்கறிக்காரரிடம் பேசுகிற இந்தி. ஐந்து முறை போனோம், ஐந்து முறையும் "டீக் ஹை", அதாவது நன்றாக இருக்கிறேன், என்று சொல்லிவிட்டு வந்தார். தமிழ் பேசும் ஒருவரை ஆன்லைனில் பிடித்தேன். அவரிடமும் அம்மா, "நல்லா இருக்கேம்மா, நீங்க சாப்பிட்டீங்களா" என்று விசாரித்தார்.

போன வாரம் டாக்டர், "பேச்சு வராதவர்களுக்கு இதுவும் ஒரு வழி" என்று டான்ஸ் மூவ்மெண்ட் தெரபி குழு ஒன்றுக்குச் சீட்டு எழுதினார். வியாழக்கிழமைதோறும் காட்கோபரில், எட்டுப் பேர். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"அப்பா போய் வருஷம் திரும்பல. நான் போய் ஆடணுமா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

தொண்ணூறடி_ரோடு | ஜூன் 3, இரவு 11:20

தங்கச்சி, படித்ததும் நெஞ்சு அடைத்துக்கொண்டது. நானும் திருநெல்வேலிச் சீமைதான், தாராவியில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் சாலில், அதாவது ஒட்டி ஒட்டி இருக்கும் வரிசை வீடுகளில், முன்பெல்லாம் ஒரு சாவு விழுந்தால் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு, முன்னும் பின்னும் ஆடி ஆடி ஒப்பாரி சொல்வார்கள். மாரில் அடித்துக்கொள்வார்கள். பறிகொடுத்தவளை நடுவில் விட்டு ஆளாளுக்குக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். மூன்று நாளில் உடம்பு ஓய்ந்து தானாகத் தூக்கம் வரும். மாடிக் கட்டடத்துக்கு மாறிய பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறோம். உங்கள் அம்மாவுக்கு அதுகூட வாய்க்கவில்லை. அந்த அழுகைதான் தோளில் போய் நின்றுகொண்டதோ என்னவோ. எனக்கு வைத்தியம் தெரியாது, மனதில் பட்டதைச் சொன்னேன்.

ஒன்று மட்டும் கேளுங்கள். அம்மாவிடம் ஆட்டம், டான்ஸ் என்கிற வார்த்தையையே எடுக்காதீர்கள். கை கால் அசைக்கிற பயிற்சி என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள்.

நட்டுவாங்கம் | ஜூன் 4, காலை 6:55

நான் மாட்டுங்காவில் 22 வருடமாகப் பரதம் சொல்லிக்கொடுப்பவள். சில வருடம் முன்பு தியோனாரில் டிஸ் என்று நாம் சொல்கிற டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் நடன இயக்கச் சிகிச்சைக்கான டிப்ளமா முடித்தேன். கொல்கத்தா சன்வேத் என்ற அமைப்போடு சேர்ந்து நடத்திய படிப்பு அது. கடத்தப்பட்டு மீட்கப்பட்ட பெண்களோடு சோஹினி சக்ரவர்த்தி 2004இல் தொடங்கிய அமைப்பு. அந்தப் பெண்களிடம் போய் "நடந்ததைச் சொல்" என்று கேட்க முடியுமா? தன் உடம்பு தன்னுடையதுதான் என்பதை அவர்கள் முதலில் உடம்பாலேயே மறுபடி உணர வேண்டியிருந்தது. உங்கள் அம்மாவின் துக்கம் வேறு வகை. ஆனாலும் வாய் திறக்காத இடத்தில் உடம்பிலிருந்து தொடங்குவது என்பது இரண்டுக்கும் பொதுதான்.

அம்மாவின் கேள்விக்கு என் பதில்: அங்கே யாரும் ஆடச் சொல்ல மாட்டார்கள். ஸ்டெப் கிடையாது. கற்றுக்கொடுப்பதும் இல்லை, கண்ணாடி முன்னால் நிற்பதும் இல்லை. பார்க்க ஆளும் இல்லை, மேடையும் இல்லை. பரதத்தில் சோகத்தை அபிநயிப்பது எதிரில் இருப்பவருக்காக. இங்கே எதையும் யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. வகுப்பில் நான் நாள் முழுக்க "அரைமண்டி உட்காரு, முழங்கை இறங்குது" என்று திருத்துகிறவள். இந்தப் படிப்பில் முதலில் விடவேண்டியிருந்தது அந்தத் திருத்துகிற பழக்கத்தைத்தான். எனக்கு அதற்கு ஒரு வருடம் பிடித்தது.

பொதுவாக நடப்பது இது. நாற்காலிகள் வட்டமாக இருக்கும். இன்றைக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவரையும் கேட்பார்கள். சொல்லலாம், ஒரு சைகையில் காட்டலாம், பேசாமலும் இருக்கலாம். அப்புறம் மூச்சு, கழுத்து, தோள், விரல் என்று மெதுவாக உடம்பை எழுப்புவார்கள். பாட்டு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பிறகுதான் அன்றைய முக்கியமான பகுதி. துப்பட்டா, பந்து, இழுத்தால் நீள்கிற பெரிய துணி என்று ஏதாவது வரும். தள்ளுவது, இழுப்பது, விடுவது, தாங்குவது, நெருங்குவது, விலகுவது, இப்படி ஏதாவது ஒன்றைச் சுற்றி அது போகும். கடைசியில் உடம்பை அமைதிக்குக் கொண்டுவந்து, விருப்பப்பட்டவர்கள் இரண்டு வார்த்தை பேசி முடிப்பார்கள். முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகலாம்.

இதில் கண்ணாடி போல் பிரதிபலிப்பது என்று ஒரு முறை உண்டு. அம்மா விரலைத் தட்டினால் தெரபிஸ்டும் தட்டுவார். அதே வேகம், அதே அழுத்தம். பழிப்புக் காட்டுவது போல இருக்காது. "நீ இருக்கிற இடத்துக்கு நான் வந்திருக்கிறேன்" என்று வாய் திறக்காமல் சொல்வது அது. இதை வளர்த்தெடுத்தவர் மரியன் சேஸ் என்கிற அமெரிக்க நடனக் கலைஞர். 1942இல் வாஷிங்டனில் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல ஆஸ்பத்திரியில் இதைத் தொடங்கினார். இன்றைக்கு மனநோய்க்குக் கொடுக்கும் மாத்திரைகள் பெரும்பாலும் வராத காலம். வருடக்கணக்காக யாரோடும் பேசாமல் மூலையில் இருந்தவர்களோடு அவர் வட்டமாக நின்று அசைந்தார். 1966இல் அமெரிக்க நடன சிகிச்சைச் சங்கம் தொடங்கியபோது முதல் தலைவரும் அவர்தான். நம் நாட்டில் இதை முதலில் ஊன்றியவர்களில் ஒருவர் பெங்களூரின் திரிபுரா காஷ்யப். அவரும் நடனத்திலிருந்து வந்தவர்தான்.

தொண்ணூறடி அக்கா, வட்டம், தோள்மேல் கை, ஒரே அசைவு என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. ஆனால் வார்த்தையை மறைத்துக் கூட்டிப்போவதில் எனக்குச் சம்மதம் இல்லை. நம்பிப் போகிற இடம் அது. உள்ளே நுழைந்தபின் அம்மாவுக்குத் தெரியவந்தால், தெரபிஸ்ட்டையும் நம்ப மாட்டார், மகளையும் நம்ப மாட்டார். "பேரு டான்ஸ் தெரபிம்மா, ஆனா ஆட வேண்டியதில்லை, உட்கார்ந்திருந்தாலும் சரி" என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

கணக்கன்_தாணே | ஜூன் 4, காலை 9:30

மனம் புண்படும்படி எழுதக் கூடாது என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். என் அண்ணனுக்கு மனச்சோர்வு இருந்தபோது எது எதற்கோ பணம் கட்டி இரண்டு வருடம் ஓடிவிட்டது. இதற்கு ஆதாரம் இருக்கிறதா? மாத்திரையை நிறுத்தச் சொல்வார்களா? யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆய்வகம்_பொவாய் | ஜூன் 4, பிற்பகல் 1:10

நியாயமான கேள்வி. நான் மருத்துவ ஆய்வுகளைப் படிக்கிற வேலையில் இருப்பவன்.

மனச்சோர்வுக்கு நடன இயக்கச் சிகிச்சை பலன் தருமா என்று 2015இல் காக்ரேன் மதிப்பாய்வு ஒன்று வந்தது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுகிற சர்வதேச அமைப்பு அது. அவர்கள் வைத்த அளவுகோலில் தேறியவை வெறும் 3 ஆய்வுகள், மொத்தம் 147 பேர். அதை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றுதான் முடித்தார்கள். 2019இல் 41 ஆய்வுகளையும் 2374 பேரையும் சேர்த்துப் பார்த்த இன்னொரு தொகுப்பாய்வு வந்தது. அதில் நிலைமை கொஞ்சம் தெளிவு. மனச்சோர்வும் பதற்றமும் குறைவது, மற்றவர்களோடு பழகுவது போன்றவற்றில் தெரபிக்குப் பலன் தெரிந்தது. சாதாரண நடன வகுப்புகளில் உடல் இயக்கத் திறன்தான் கூடியது. ஆனால் ஆய்வுகளின் தரம் சமமாக இல்லை. யார் எந்தக் குழுவில் இருக்கிறார் என்பதை இந்த மாதிரிச் சிகிச்சையில் மறைக்கவும் முடியாது. மாத்திரை ஆய்வுகள் அளவுக்கு இதில் உறுதி எதிர்பார்க்கக் கூடாது.

அதனால் என் கருத்து: டாக்டர் எழுதிய மாத்திரையோடு சேர்த்துப் போகலாம், அதற்குப் பதிலாகப் போகக் கூடாது. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் தெரபிஸ்ட் யாராக இருந்தாலும் அன்றைக்கே எழுந்து வந்துவிடுங்கள்.

முலுண்ட்_மேற்கு | ஜூன் 4, இரவு 8:05

என் அப்பா மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் 34 வருடம் வேலை பார்த்தவர். ஏழு வருடமாகப் பார்க்கின்சன். வாசற்படிக்கு வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடும். பின்னாலிருந்து தள்ளினால் விழுந்துவிடுவார். இங்கே பார்க்கின்சன் நோயாளிகளுக்காக 2001 முதல் ஒரு சொசைட்டி இயங்குகிறது, குழுவாகக் கூடி உடற்பயிற்சியும் இசையும் அசைவும் செய்வார்கள். அங்கேதான் தாளத்தின் அருமை எனக்குப் புரிந்தது. இந்த நோயில் மூளைக்குள் தானாக ஓட வேண்டிய தாளம் கெட்டுப்போகிறது. வெளியிலிருந்து தாளம் கிடைத்தால் கால் அதைப் பிடித்துக்கொள்கிறது. இப்போது அப்பா நின்றுவிட்டால் நான் "தகதிமி தகதிமி" என்று சொல்லித் தொடையில் தட்டுவேன். மூன்றாவது தகதிமியில் வலது கால் எடுத்து வைப்பார்.

நட்டுவாங்கம் | ஜூன் 4, இரவு 9:15

முலுண்ட் அண்ணா, அப்பாவுக்கு என் நமஸ்காரம். புதிதாகப் படிப்பவர்கள் குழம்பக் கூடாது என்பதற்காக ஒன்று சொல்கிறேன். பார்க்கின்சனுக்கான நடன வகுப்புகள் நியூயார்க்கின் புரூக்ளினில் மார்க் மோரிஸ் நடனக் குழுவில் 2001இல் தொடங்கி உலகம் முழுக்கப் பரவியவை. அங்கே வருகிறவர் நோயாளியாக வருவதில்லை, நடனம் கற்க வருகிறார். அதனால் உடம்புக்கும் மனசுக்கும் பலன் உண்டு. டான்ஸ் மூவ்மெண்ட் தெரபியில் தெரபிஸ்ட், வந்தவரின் மனநிலை, அவர்கள் இருவருக்கும் நடுவே வளரும் உறவு மூன்றும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். இரண்டும் நல்லவைதான், ஆனால் ஒன்றைத் தேடிப் போய் இன்னொன்றில் சேர்ந்துவிடக் கூடாது.

சயான்_கோலிவாடா | ஜூன் 5, அதிகாலை 12:30

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுவதுதான் சரி.

மூன்று வருடம் முன்பு வார இறுதிப் பட்டறை ஒன்றுக்குப் போனேன். எது, எங்கே என்று சொல்லப் போவதில்லை. மூவ்மெண்ட் தெரபி என்றுதான் விளம்பரம். சுமார் 40 பேர். முதல் ஒரு மணி நேரத்திலேயே விளக்கை அணைத்துவிட்டு, கண்ணை மூடச் சொல்லி, "சின்ன வயதில் உன்னைக் காயப்படுத்தியவரை நினை, அந்த வலியை ஆடு" என்றார்கள். முகம் தெரியாத ஒருவர் என்னைக் கேட்காமல் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார். என் வாழ்க்கையில் நடந்த ஒன்று, 15 வருடமாக மூடி வைத்திருந்தது, அப்படியே வெளியே வந்துவிட்டது. அலறினேன். "அருமை, இன்னும் விடு" என்றார் நடத்துபவர். மாலை 6 மணிக்கு நன்றி சொல்லி எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். நடுங்கிக்கொண்டே தனியாக லோக்கல் ரயிலில் வீட்டுக்கு வந்தேன். அதன் பிறகு இரண்டு மாதம் தூங்கவில்லை.

எல்லோரும் இப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். பிறகு தகுதியான ஒரு மனநல மருத்துவரிடம் போய் மெதுவாகத் தேறினேன். செம்பூர்வாசி, அம்மாவை அனுப்பும் முன் விசாரியுங்கள். தயவுசெய்து விசாரியுங்கள்.

நட்டுவாங்கம் | ஜூன் 5, காலை 7:20

சயான், உங்களுக்கு நடந்தது தெரபி இல்லை. எங்கள் துறையின் பெயரில் உங்களுக்கு அது நடந்ததற்காக வேதனைப்படுகிறேன். எழுதியதற்கு நன்றி.

மருத்துவ உளவியலாளர்களுக்கு ஆர்சிஐ எனும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண் உண்டு. அந்தப் பட்டியலில் நடன இயக்கச் சிகிச்சையாளர் என்ற பிரிவே இல்லை. அதனால் யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிவிட முடிகிறது. கேட்டுத் தெரிந்துகொள்வதைத் தவிர நமக்கு வேறு வழி இல்லை. எங்கே, எத்தனை மாதம் படித்தீர்கள், எத்தனை மணி நேரம் மேற்பார்வையில் பயிற்சி எடுத்தீர்கள் என்று கேளுங்கள். இப்போதும் உங்களுக்கு மேற்பார்வையாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இரண்டு நாள் சான்றிதழ், ஐந்து நாள் சான்றிதழ் எல்லாம் அறிமுகத்துக்கு மட்டும்தான். அமெரிக்காவில் முதுகலைப் படிப்பு முடித்தால்தான் பதிவு பெறவே முடியும். நம் ஊரில் டிப்ளமா படிப்புகள் இருக்கின்றன, இந்தியப் படைப்பாக்க இயக்கச் சிகிச்சைச் சங்கமும் பயிற்சி நடத்துகிறது.

இன்னொரு கேள்வி இதைவிட முக்கியம். நடுவில் ஒருவர் உடைந்துபோனால் என்ன செய்வீர்கள்? இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்கிறவரிடம் அம்மாவை விடலாம். தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கேட்பார்களா, வேண்டாம் என்றால் விடுவார்களா என்பதையும் வாய்விட்டுக் கேளுங்கள். தனியாகப் பேசி உடல்நிலை, மாத்திரை விவரங்களை வாங்கிக்கொள்ளாமல் நேரே குழுவில் நிறுத்தினால் அதுவே எச்சரிக்கை மணி.

நள்ளிரவில் மனம் தாங்காவிட்டால் 14416க்குக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ், கட்டணம் இல்லை, மொழியையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

செம்பூர்வாசி | ஜூன் 12, இரவு 9:50

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடியே எல்லாவற்றையும் கேட்டேன். தெரபிஸ்ட் மராத்திக்காரப் பெண், 40 வயது இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். "யாராவது உடைந்துபோனால் அன்றைய திட்டத்தை விட்டுவிடுவேன். அவர் காலைத் தரையில் ஊன்றி, கண்ணைத் திறந்து, அறையைப் பார்க்கிற வரைக்கும் கூட இருப்பேன். வீட்டில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று முன்பே எழுதி வாங்கிக்கொள்வேன்" என்றார். அம்மாவோடு முக்கால் மணி நேரம் தனியாக உட்கார்ந்தார். முழங்கால், பிரஷர், தலைசுற்றல் எல்லாம் குறித்துக்கொண்டார். சேலையோடு வரலாமா என்று அம்மா கேட்டார், தாராளமாக என்றார்.

அம்மாவிடம் மறைக்கவில்லை. "உட்கார்ந்திருந்தாலும் சரின்னு சொல்றாங்கம்மா" என்றேன். "அப்ப உட்கார்ந்துட்டு வர்றேன்" என்றார்.

இன்று முதல் நாள். சொன்னது போலவே முழு நேரமும் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாராம். நான் வெளியே இருந்தேன். வீட்டுக்கு வரும் வழியில், "என்னம்மா பண்ணினாங்க?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. நான் நாற்காலிக் கையில விரலால தட்டிக்கிட்டு இருந்தேன். அந்தப் பொண்ணும் தட்டிச்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கே தெரியாது நான் தட்டுறேன்னு" என்றார்.

தொண்ணூறடி_ரோடு | ஜூன் 12, இரவு 10:15

நட்டுவாங்கம் அம்மா சொன்னதுதான் சரி. உண்மையைச் சொல்லிக் கூட்டிப் போனதே நல்லது.

ஐரோலி_அம்மா | ஜூன் 15, பிற்பகல் 3:40

இந்த இழையை இன்றைக்குத்தான் பார்த்தேன். என் மகனுக்கு 9 வயது, ஆட்டிசம், பேச்சு இல்லை. எட்டு மாதமாகத் தனி செஷன் போகிறோம். அவன் கைகளை உதறுவான், தன்னைத்தானே சுற்றுவான். மற்ற இடங்களில் எல்லாம் "கையை இறக்கு" என்பார்கள். இங்கே தெரபிஸ்டும் அவனோடு சேர்ந்து சுற்றினார். ஆறு வாரம் அவன் அவர் இருப்பதையே கண்டுகொள்ளவில்லை. ஒரு நாள் நின்றான். அவரும் நின்றார். திரும்பச் சுற்றினான், அவரும் சுற்றினார். அவர் தன் பின்னாலேயே வருகிறார் என்று புரிந்ததும் அவன் முகம் இருந்த இருப்பை என்னால் எழுத முடியாது. நான்காம் மாதம் துப்பட்டாவின் ஒரு முனையைத் தானாக அவர் கையில் கொடுத்தான்.

பேச்சு வரவில்லை. அதை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். பேச்சுப் பயிற்சி தனியாக நடக்கிறது. ஆனால் இப்போது வீட்டில் என் கையைப் பிடித்து இழுத்துத் தன்னோடு சுற்றச் சொல்கிறான். இது எனக்கு எவ்வளவு பெரியது என்பது இந்த மாதிரிப் பிள்ளையை வளர்க்கிறவர்களுக்குத் தெரியும்.

செம்பூர்வாசி | ஜூலை 18, இரவு 11:05

நேற்று ஐந்தாவது முறை. நடுவில் ஒரு வியாழன் மழையில் ரோடெல்லாம் தண்ணீர், போகவில்லை. இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் சொல்ல ஒன்றுமில்லை. அம்மா பையைக் கீழே வைத்தார், அவ்வளவுதான். சுத்த நேர விரயம் என்று எனக்கே தோன்றியது, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நான்காவது வாரம் எழுந்து நின்றாராம்.

நேற்று எல்லோரும் வட்டமாக அந்த நீளும் துணியைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார்களாம். குழுவில் ஒரு மராத்தி ஆஜி (பாட்டி), 70 வயதுக்கு மேல், மகனைப் பறிகொடுத்தவர். அவர் அம்மாவுக்கு நேர் எதிரில். அம்மா துணியை இழுத்திருக்கிறார். தூக்க முடியாத அதே வலது கையால், முழுப் பலத்தோடு இழுத்திருக்கிறார். எதிரில் ஆஜியும் விடவில்லை. இழுத்துக்கொண்டே அம்மா, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம போய்ட்டீங்களே" என்று தமிழில் கத்தினாராம். அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. அப்படியே உட்கார்ந்து அழுதிருக்கிறார். பத்து மாதத்தில் முதல் முறை. தெரபிஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்து, முதுகில் கை வைக்கலாமா என்று கேட்டுவிட்டு வைத்தாராம். ஆஜி கேட்கவே இல்லை, வந்து அம்மா தோளில் சாய்ந்துகொண்டாராம்.

இதையெல்லாம் ஆட்டோவில் அம்மாவே சொன்னார். வந்ததும் படுத்தவர் இன்று காலை 8 மணிக்குத்தான் எழுந்தார். உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல வலிக்கிறது என்கிறார். பயமாக இருக்கிறது. இது சரியா? டாக்டருக்குப் போன் செய்யட்டுமா?

நட்டுவாங்கம் | ஜூலை 18, இரவு 11:30

பயப்படாதீர்கள். பெரிதாக ஒன்று இறங்கிய மறுநாள் உடம்பு அசந்துபோவது உண்டு. நிறையத் தண்ணீர், லேசான சாப்பாடு, ஓய்வு. நாளையும் எழ முடியாமல் இருந்தாலோ, சாப்பிடவே மறுத்தாலோ, நானும் போய்விடுகிறேன் என்பது போல ஏதாவது சொன்னாலோ டாக்டரிடம் உடனே சொல்லுங்கள், காத்திருக்க வேண்டாம். தெரபிஸ்டுக்கு இன்றே ஒரு செய்தி அனுப்புங்கள்.

இன்னொன்று. வீட்டில் இதைப் பற்றிக் கிளறாதீர்கள். சொந்தக்காரர்களிடம் "அம்மா அழுதுட்டாங்க" என்று சொல்லவும் வேண்டாம். அது அந்த அறையில் நடந்தது. அம்மாவாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் போக மாட்டேன் என்று சொன்னாலும் சொல்வார், பலரும் இந்த இடத்தில்தான் நின்றுவிடுவார்கள். வற்புறுத்தாமல், முடிவைத் தெரபிஸ்டிடம் நேரில் சொல்லும்படி மட்டும் கேளுங்கள்.

சயான்_கோலிவாடா | ஜூலை 19, காலை 8:10

அவர் கேட்டுவிட்டுக் கை வைத்தார் என்று படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும் அன்றைக்கு ஒருவர் கேட்டிருக்கலாம்.

கணக்கன்_தாணே | ஆகஸ்ட் 9, இரவு 7:45

சகோதரி, அம்மா எப்படி இருக்கிறார்? தோள் வலி குறைந்ததா? செலவு எவ்வளவு ஆகிறது என்றும் சொன்னால் உதவியாக இருக்கும். அண்ணனுக்காகக் கேட்கிறேன்.

செம்பூர்வாசி | ஆகஸ்ட் 10, காலை 10:20

அண்ணா, ஒரு முறைக்கு 700 ரூபாய் கொடுக்கிறோம், குழு என்பதால். தனி செஷன் இதைவிட நிறைய ஆகும். அம்மா ஒரு வாரம் போக மாட்டேன் என்றுதான் சொன்னார். நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றேன். சொல்லப் போனவர் இருந்துவிட்டு வந்தார்.

தோள் வலி பாதி இருக்கிறது. கை காதுவரை போகிறது, அதற்கு மேல் போகவில்லை. பிசியோ பயிற்சியையும் இப்போது வீட்டில் செய்கிறார், முன்பு செய்யவே மாட்டார். எதனால் குறைந்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. மாத்திரை அதே அளவுதான், அக்டோபரில் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். இரவு 2 மணிக்கு எழுந்து ஹாலில் உட்கார்ந்திருப்பது வாரத்தில் இரண்டு நாளாவது இன்னும் நடக்கிறது. அண்ணனுக்கு அவருடைய டாக்டரைக் கேட்டுவிட்டுச் சேருங்கள். முதல் மூன்று வாரத்தை வைத்து முடிவு எடுக்காதீர்கள்.

செம்பூர்வாசி | செப்டம்பர் 21, இரவு 9:35

போன வாரம் அப்பாவுக்கு முதல் வருஷ திதி. ஊரிலிருந்து பெரியம்மாவும் சித்தியும் வந்திருந்தார்கள். படத்துக்கு மாலை போட்டபின் சித்தி ஒப்பாரியை எடுத்தார். எங்கள் மாடியில் பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. நான் ஜன்னலைச் சாத்தப் போனேன். அம்மா, "விடு, திறந்தே இருக்கட்டும்" என்றார். மூன்று பேரும் தோளில் கைபோட்டு உட்கார்ந்தார்கள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தொண்ணூறடி அக்கா, உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

குழு அடுத்த மாதத்தோடு முடிகிறது. தொடர்வதா என்று அம்மாவே யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். இந்த வியாழன் எனக்கு ஆபீசில் ஆடிட், கூடப் போக முடியவில்லை. தனியாக மாநகர பெஸ்ட் பஸ் ஏறிப் போய்விட்டார். ஆஜிக்கென்று முந்தின நாள் முறுக்கு சுட்டு எடுத்துப் போனார். திரும்பி வந்ததும் பையைத் திறந்து டப்பாவை மேடைமேல் வைத்தார். உள்ளே நான்கு பூரண்போளி, இன்னும் சூடு ஆறவில்லை.